எக்ஸ்போசித்தோ என்ன பகுதி?

"தம்பி, நான் கேட்டது உங்கடை பேரை இல்லை. பரம்பரைப் பேரைச் சொல்லுங்கோ," என்றார் சண்முகலிங்கம் மாமா.

"எக்ஸ்போசித்தோ," என்றான் அட்ரியான்.

அவனைக் கல்யாணம் செய்ய விரும்பி வீட்டுக்குக் கூட்டி வந்திருந்த மதுஜா, மாமாவின் முகத்தையே பார்த்தாள். அம்மாவின் அண்ணனான அவர் ஓர்லிகோனிலிருந்து ரயிலேறி ஓஸ்டர்முண்டிகனில் இவர்கள் வீட்டுக்குச் சும்மா வருகிறவர் இல்லை. சுவிசில் எந்தத் தமிழ் வீட்டில் சம்பந்தம் பேசினாலும் மாப்பிள்ளை ஆருடைய பிள்ளை, என்ன பகுதி, அதாவது என்ன குலம் கோத்திரம் என்று வேர்வரைக்கும் தோண்டிப் பார்ப்பவர். அவர் தலையாட்டினால் மண்டபம் பார்க்கலாம். உதட்டைப் பிதுக்கினால் கதை அத்தோடு முடிந்தது. "அண்ணை ஓம் எண்டால் நானும் ஓம்" என்று அம்மா பத்மினி முதலிலேயே சொல்லிவிட்டாள். அப்பா சந்திரகுமாரோ ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஜன்னலோரம் தேநீரோடு உட்கார்ந்திருந்தார்.

"நான் விசாரிக்காமல் வரேல்லை," என்று மாமா கைபேசியை நீட்டினார். "இந்தப் பேர்க்காரர் எங்கையெங்கை இருக்கினம் எண்டு வரைபடமே எடுத்துப் பாத்தனான். ஸ்பெயினிலை தெற்குப் பக்கம் எங்கை தொட்டாலும் இவையள்தான். கானரித் தீவிலையும் நிறைய. கடல் தாண்டி ஆர்ஜென்டினா, கியூபா. பத்மினி, உலகம் முழுக்கப் பரந்த பகுதி இது. இவ்வளவு சொந்தக்காரர் எங்களுக்கே இல்லை."

அம்மாவின் முகம் மலர்ந்தது. பொரித்த ரோல்ஸ் தட்டு அட்ரியானின் பக்கம் நகர்ந்தது.

மதுஜாவால் மட்டும் சந்தோஷப்பட முடியவில்லை. அவளுக்கு அந்தப் பெயரின் கதை தெரியும். அட்ரியானையும் தெரியும். கழுத்தில் கத்தி வைத்தாலும் அவன் வாயில் பொய் வராது. "பேருக்குக் கருத்துக் கேட்டால் தெரியாது எண்டு சொல்லு" என்று லிஃப்டில் வரும்போது அவள் கெஞ்சியதற்கும், "தெரிந்ததைத் தெரியாது என்று எப்படிச் சொல்வது?" என்றுதான் கேட்டான்.

மாமா கேட்டே விட்டார். "பேருக்கு என்ன கருத்து தம்பி? தளபதியோ, உடையாரோ?"

அட்ரியான் ரோல்ஸைத் தட்டில் வைத்துவிட்டு, தமிழ் கேட்டால் விளங்கும், பேச வராது என்பதால் ஜெர்மன் மொழியில் நிதானமாகச் சொன்னான். அந்தக் காலத்தில் வளர்க்க வழியில்லாதவர்கள் அநாதை மடத்து வாசலில் வைத்துவிட்டுப் போன குழந்தைகளுக்கு மடத்தார் வைத்த பெயர் அது. வெளியே வைக்கப்பட்டவன் என்று பொருள். ஊருக்கு ஊர் மடம் இருந்தது, அதனால் ஊருக்கு ஊர் எக்ஸ்போசித்தோக்களும் இருந்தார்கள். ஒருவருக்கொருவர் சொந்தம் என்று ஒன்றும் இல்லை. பின்னர் அந்தப் பெயரை மாற்றிக்கொள்ளச் சட்டம் வழிவிட்டபோது பலர் மாற்றிக்கொண்டார்கள். அவனுடைய பூட்டன் மாற்றவில்லை. "இந்தப் பெயரோடுதான் உழைத்தேன், இந்தப் பெயரோடுதான் வீடு கட்டினேன். எனக்கு என்ன வெட்கம்?" என்றாராம்.

"மாத்தவே இல்லையோ?" என்று கேட்டார் அப்பா. அன்று அவர் வாய் திறந்தது அப்போதுதான்.

"இல்லை," என்றான் அட்ரியான். நிமிர்ந்துதான் சொன்னான்.

மாமா கைபேசியைச் சட்டைப்பைக்குள் போட்டார். முகம் கறுத்துவிட்டது.

"அப்ப இது ஒரு பகுதியே இல்லை. வேர் தெரியாத ஆக்கள். பத்மினி, எனக்கு ஒளிச்சுக் கதைக்கத் தெரியாது. இவளின்ரை பேர் என்ன? மதுஜா சந்திரகுமார். தேப்பன்ரை ஆக்கள் திருகோணமலையிலை கோயில் தருமகர்த்தா வழி. யானை கட்டின வீடுவளவு. அப்பிடிப்பட்ட பேரை விட்டிட்டு, வாசலிலை கிடந்த பேரையோ இவள் காவித் திரியிறது?"

அம்மா ரோல்ஸ் தட்டை எடுத்தாள். மதுஜாவுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. எல்லாரும் பார்க்க அட்ரியானின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, நீங்களாவது ஏதும் சொல்லுங்கோவன்."

அப்பா சிரித்தார். முதலில் மெல்ல, பிறகு தேநீர் தளும்பிச் சட்டையில் சிந்தும் அளவுக்கு. இந்த வீட்டில் அவர் அப்படிச் சிரித்து மதுஜா பார்த்ததே இல்லை. எழுந்து வந்தவர் அம்மாவின் கையிலிருந்து தட்டை வாங்கி மறுபடி அட்ரியானின் முன்னால் வைத்தார்.

"சாப்பிடு மருமோன்," என்றார். "கல்யாணம் நடக்கும். தாரை வாக்கிறது நான்."

"சந்திரன், ஆக்கள் கேட்டால் என்ன பகுதி எண்டு நான் சொல்லுறது?" என்று மாமா பதறினார்.

அப்பா அவருடைய தோளில் கை போட்டார்.

"மச்சான், திருகோணமலையிலை அநாதை விடுதி வாசலிலை கிடந்தவன் நான். சந்திரகுமார் எண்டது அங்கை சமைச்ச அக்கா வைச்ச பேர். சுவிசுக்கு வந்த புதிசிலை, அகதி முகாமிலை எனக்குப் பக்கத்துக் கட்டிலிலை இருந்துகொண்டு, ஊரிலை இருந்த உங்கடை அம்மா எங்கடை கல்யாணத்துக்கு ஓம் எண்டோணும் எண்டதுக்காகத் தருமகர்த்தாவையும் யானையையும் எழுதி அனுப்பினது நீங்கள்தானே? சொல்லிச் சொல்லி உங்களுக்கே மறந்துபோச்சுதோ? இந்தப் பிள்ளைக்கும் அதே மாதிரி ஒரு பரம்பரை செய்து விடுங்கோ. ஸ்பெயின் எண்டபடியால் யானை வேண்டாம், குதிரை போதும்."