பிரிக்காத பங்கு

"உங்க தங்கச்சிகிட்ட கேளுங்க, டீக்குச் சர்க்கரை போடலாமா வேண்டாமான்னு."

சமையலறையிலிருந்து மனைவியின் குரல் வந்தது. கூடத்தில் தையல் மெஷின்களுக்கு நடுவே உட்கார்ந்திருந்த தங்கைக்கு அது நன்றாகவே கேட்டிருக்கும். ஆனாலும் அவள் அண்ணனைப் பார்த்துத்தான் பதில் சொன்னாள்.

"அண்ணிகிட்ட சொல்லுண்ணா, அரை ஸ்பூன் போதும்னு."

அண்ணனான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் எழுந்து போய், "அரை ஸ்பூனாம்" என்று சொல்லிவிட்டு வந்தார்.

நாத்தனாரும் அண்ணியும் நேருக்கு நேர் பேசி வருடக்கணக்காகிறது. ஒரு கல்யாண வீட்டில் 'அவ முதல்ல பேசட்டும்', 'அவங்க முதல்ல பேசட்டும்' என்று ஆரம்பித்த வீம்பு. அதன் பிறகு எல்லாச் செய்தியும் இவர் வாய் வழியாகத்தான் போகும், வரும். முன்பெல்லாம் நினைத்தாலே எரிச்சலாக இருக்கும். கொஞ்ச நாளாக நினைத்தாலே இனித்தது.

விஷயம் இதுதான். வீடு அப்பா பேரில் இருந்தது. அம்மா முன்னமே போய்விட, உயில் எதுவும் எழுதாமல் அவரும் போய்ச் சேர்ந்துவிட்டதால், மகனுக்குப் பாதி, மகளுக்குப் பாதி. இப்போது ஒரு பில்டர் வீட்டை வாங்கி, இடித்து, அடுக்குமாடி கட்டக் கேட்கிறார். ரோட்டைப் பார்த்த மூலைக் கடை உங்களுக்கே என்று கடைக்காரரின் காதோடு காதாகச் சொல்லியும் வைத்திருக்கிறார். ஆனால் ஒரு விஷயத்தில் கறார். "பிரிக்காத பங்கு சார். தங்கச்சி கையெழுத்து இல்லாம ஒரு செங்கல்லைக்கூடத் தொட மாட்டேன்."

தங்கைக்கு விற்க மனசில்லை. மனைவிக்கோ கூடத்தில் நடக்கும் தையல் வகுப்புதான் உயிர். சட்டப்படி அவள் சம்மதம் தேவையில்லைதான். ஆனால் அவளோடுதானே குடித்தனம் நடத்த வேண்டும்!

கடைக்காரர் டீ வாங்கும் சாக்கில் மறுபடி சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.

"நான் என்ன பண்றது? பாப்பாதான் வித்துப் பங்கைக் குடுன்னு ஒத்தைக் கால்ல நிக்கறா. 'அண்ணிக்குத் தையல் மெஷினை எங்க போட்டா என்ன'ன்னு கேக்கறா."

மனைவி வடிகட்டியைத் தட்டினாள். "அப்படியா சொன்னா?"

"அதுக்கு மேலயும் சொன்னா. உன் மனசு நோகுமேன்னு விட்டுட்டேன்."

டீயோடு கூடத்துக்கு வந்தவர், நாற்காலியைத் தங்கை பக்கம் இழுத்துப் போட்டுக் குரலைத் தணித்தார்.

"எல்லாம் உங்க அண்ணிதான் பாப்பா. புது ஃப்ளாட் வேணும்னு பிராணனை வாங்கறா. 'எத்தனை நாளைக்கு உங்க தங்கச்சியோட பாதியில குடியிருக்கறது'ங்கறா."

"அப்படியா சொன்னாங்க?"

"எனக்காக வேண்டாம், என் வீட்டு நிம்மதிக்காகவாவது கையெழுத்துப் போடு. பில்டர் வாசல்ல கார்லயே உக்காந்திருக்கார்."

தங்கை டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். எதிரே லாரி வந்தாலும் பதற மாட்டாள். டீயை ஊதி ஊதிக் குடித்தாள்.

"ஒரு சந்தேகம்ணா. பாதி என்னோடதுன்னா, எந்தப் பாதி? இந்தக் கூடமா, மாடியா?"

சட்டம் சொல்லிக்கொடுப்பதென்றால் கடைக்காரருக்கு உற்சாகம் பிய்த்துக்கொண்டு வரும். "அங்கதான் சூட்சுமம். ஒவ்வொரு செங்கல்லயும் பாதி உனக்கு, பாதி எனக்கு. கோடு போட்டுப் பிரிக்கிற வரைக்கும் இது உன்னுது, இது என்னுதுன்னு யாரும் கை காட்ட முடியாது."

"சரி. என் பாதியை நான் யாருக்காவது எழுதிக் குடுக்கணும்னா உன் கையெழுத்து வேணுமா?"

"எதுக்கு? உன் பங்கு, உன் இஷ்டம். யாருக்கு வேணா எழுதலாம். முழு வீட்டையும் விக்கறதுக்குத்தான் ரெண்டு பேரும் வேணும்."

"அப்பாடா! அப்போ நான் செஞ்சது சரிதான்."

கையெழுத்துக்காகக் கடைக்காரர் சட்டைப் பையிலிருந்து எடுத்த பேனா பாதி வழியில் நின்றது. "என்ன செஞ்சே?"

"போன மாசமே எழுதிக் குடுத்துட்டேண்ணா. ரெஜிஸ்டரும் ஆயாச்சு. பதிலுக்கு எனக்கு ஒரு காலி மனை. வண்டி ஓட்டிப் பழக இடம் தேடி எத்தனை நாள் அலைஞ்சிருப்பேன்!"

அவர் நாற்காலியை விட்டு எழுந்தே விட்டார். "அடிப்பாவி! மூணாவது மனுஷனைக் கொண்டுவந்து வீட்டுக்குள்ள விட்டுட்டியே! யார் அது? சொல்லு, நான் பேசிக்கறேன். எப்பேர்ப்பட்ட ஆளா இருந்தாலும் பேசியே கரைச்சுடுவேன்."

"நீ பேசிக் கரையற ஆள் இல்லண்ணா."

"பாத்துடலாம். உங்க அண்ணி காதுல மட்டும் இது விழுந்துடக் கூடாது. தாண்டவம் ஆடிடுவா."

சமையலறைக் கதவு திறந்தது. மனைவி தன் டீயோடு வந்தாள். கணவரைத் தாண்டிக்கொண்டு போய், தங்கை பக்கத்திலிருந்த ஸ்டூலில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"ஏன் பாப்பா, எங்கம்மா எனக்கு எழுதி வெச்ச அந்த மனைக்கு வேலி போட்டுட்டியா?"

"நேத்தே போட்டாச்சு அண்ணி."

மனைவி மெல்லக் கணவர் பக்கம் திரும்பினாள். "வாசல்ல இருக்கறவர்கிட்ட போய்ச் சொல்லிடுங்க, பாதி வீட்டுக்காரிக்கு விக்க இஷ்டமில்லையாம்னு. இந்தத் தடவையாவது நான் சொன்னதை சொன்னபடியே சொல்லுங்க!"