முதலில் வருபவனுக்கு

அம்மாவுக்கு அம்மாவே விலை வைத்துவிட்டாள்: "எவன் முதல்ல நேர்ல வந்து கூப்பிடுறானோ, அவனோட வந்துடறேன்." அவள் கோபித்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் ஆகிறது. அந்த ஊருக்கு இன்று இருப்பது ஒரே ஒரு விமானம்.

விமான நிலைய உணவகத்தில் அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். ஒருவனை விட்டு ஒருவன் நழுவிவிடக் கூடாதே!

"அம்மாவ அழவெச்சு அனுப்பினவன் நீ. இப்ப என்னடா பாசம் பொங்குது?" என்றான் அண்ணன்.

"நீ மட்டும் தாங்கு தாங்குன்னு தாங்கினியாண்ணே? அவங்க ரூமையே குடோன் ஆக்கினவன்தானே!"

"வாய மூடிட்டு சூப்பக் குடி."

"முதல்ல நீ குடி. எதையாவது கலந்திருப்பே."

விமானத்துக்குக் கடைசி அழைப்பு ஒலித்தது. இருவரும் அசையவில்லை. அண்ணன் இன்னொரு கோழி வறுவல் கேட்டான். தம்பி ஐஸ்கிரீம் கேட்டான். கண்ணாடிக்கு வெளியே விமானம் மேலேறியது.

தம்பி கைகொட்டிச் சிரித்தான். "ஏமாந்தியா! என் பொண்டாட்டி அதுலதான் போறா. உன்னைப் பிடிச்சு வைக்கத்தான் நான் உட்கார்ந்தேன்."

அண்ணன் நிதானமாக வாயைத் துடைத்தான். "அதே விமானத்துலதான் உங்க அண்ணியும் போறா. நானும் அதுக்குத்தான்டா உட்கார்ந்தேன்."

மாலையில் இருவரையும் ஒரே தொலைபேசி அழைப்பில் பிடித்தாள் அம்மா.

"வந்த மருமகளுங்க ரெண்டு. வராத மகனுங்க ரெண்டு. பாக்கி வந்து சேர்ற வரைக்கும் நான் இங்கயேதான்."