ராஜா கன்னத்துக் கீறல்

"இது என் காசே இல்லை சார்!"

தொப்பிக்காரர் படத்தை மேஜைமேல் வீசினார். லென்ஸ்காரருக்கு நெற்றிப் பொட்டு விண்விண்ணென்று தெறித்தது. இந்த வாரத்தில் மனிதர் புகாரோடு வருவது இது மூன்றாவது தடவை.

"நல்லாப் பாருங்க. படத்துல ராஜா கன்னத்துல இவ்வளவு நீளத்துக்குக் கீறல். இதோ என் வெள்ளிக் காசு. இதுல ஏதாவது தெரியுதா? வழுவழுன்னு இருக்கு. வேற எவன் காசையோ படம் எடுத்து என் தலையில கட்டிட்டீங்க."

"வெறும் கண்ணுக்கு அந்தக் கீறல் தெரியாதுங்க. நான் வைக்கிற வெளிச்சத்துலதான் தெரியும்."

"கண்ணுக்குத் தெரியாத கீறலா? எனக்கு ஏற்கெனவே காது குத்தியாச்சு சார்."

லென்ஸ்காரர் என்பது தெரு வைத்த பெயர். கணினியோடு இணைத்த டிஜிட்டல் மைக்ரோஸ்கோப்பில் பழைய நாணயங்களைப் பெரிதாகப் படம் எடுத்துத் தருவது அவர் தொழில். வேறு எங்கே எடுத்தாலும் வெள்ளிக் காசு கண்ணாடிபோல வெளிச்சத்தை வாரியடித்து, ராஜா இருக்கும் இடத்தில் வெள்ளைத் திட்டுதான் விழும். இவர் எடுத்தால் ராஜாவின் மீசை முடியை எண்ணலாம். எப்படி என்பது கடையின் பின்பாதியை மறைக்கும் கறுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் இருந்தது.

"என்னங்க, வாங்கின பணத்தைக் கொடுத்து அனுப்பிடுங்க" என்றாள் கல்லாவில் இருந்த மனைவி.

"பணம் யாருக்கும்மா வேணும்? நாளைக்கு நாணயச் சங்கத்துக் கூட்டம். சங்கத்துக் காசு அத்தனையையும் படம் எடுக்கிற வேலை உங்களுக்குத்தானாமே? அங்கே வந்து நாலு பேர் முன்னால இந்தப் படத்தைக் காட்டுறேன்."

லென்ஸ்காரர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். கடை வாடகை, மைக்ரோஸ்கோப்புக்கு மாதாமாதம் கட்டும் தவணை எல்லாம் அந்த ஒரு வேலையை நம்பித்தான் நின்றன.

"உள்ளே வாங்க. கண்ணாலயே பார்த்துக்குங்க."

மனைவி எழுந்து வந்து சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். "என் தம்பியையே திரைக்கு அந்தப் பக்கம் விடாதவர் நீங்க. உள்ளே என்ன பண்றீங்கன்னு ஊருக்குத் தெரியாத வரைக்கும்தான் நமக்குச் சோறு."

"பித்தலாட்டக்காரன்னு சொல்றார். கேட்டுக்கிட்டுச் சும்மா இருக்கச் சொல்றியா?"

திரை விலகியது.

காசை மைக்ரோஸ்கோப்புக்கு அடியில் வைத்ததுதான் தாமதம், எதிர்க் கடையில் சுவரைத் துளைக்கும் டிரில்லிங் மெஷின் அலறியது. கணினித் திரையில் ராஜா குளிர்ஜுரம் வந்தவர்போல நடுங்கினார்.

"பார்த்தீங்களா ரோதனையை! எதிர்ல செருப்புக் கடை வருதாம். வேலையாளுங்ககிட்ட கெஞ்சிப் பார்த்துட்டேன், கையெடுத்துக் கும்பிட்டும் பார்த்துட்டேன். ஒருத்தனும் மதிக்கல."

"இருங்க." தொப்பிக்காரர் வாசலுக்குப் போய் ஒரே ஒரு அதட்டல் போட்டார். "நிறுத்துங்கப்பா கொஞ்ச நேரம்!"

சத்தம் சட்டென்று அடங்கியது. அந்த ஒரு உதவிக்காகவே லென்ஸ்காரர் கொஞ்சம் இளகினார்.

"இப்பப் பாருங்க. மைக்ரோஸ்கோப்போட சேர்ந்த விளக்கை எரியவிட்டா மூஞ்சி முழுக்க வெள்ளைப் புள்ளி. அதை அணைச்சுடணும். பக்கத்துக்கு ஒண்ணா ரெண்டு விளக்கு. நடுவுல டிரேசிங் பேப்பர்."

"எதுக்கு சார் பேப்பர்? வெளிச்சம் வீணாப் போகுமே?"

"ஐயோ! வெளிச்சம் நேரா அடிச்சா காசு திருப்பி அடிக்கும். பேப்பர் வழியா வந்தா பஞ்சு மாதிரி பரவும்." விளக்கை மேஜையோடு மேஜையாகத் தாழ்த்தினார். "இப்ப ராஜா கன்னத்தைப் பாருங்க."

கீறல் பளிச்சென்று எழுந்தது. விளக்கை உயர்த்தினார், மாயமாய் மறைந்தது.

"அட! ஆனா ஓரத்து எழுத்து மங்கலா இருக்கே? அதுவும் கண்கட்டுதானா?"

"மங்கலா? என் படத்துலயா?" லென்ஸ்காரர் பல்லைக் கடித்தார். "ஒரே படத்துல முழுக் காசும் அடங்காதுங்க. துண்டு துண்டா எடுத்து ஒட்டணும். படம் எடுக்கிற பட்டனைக் கையால தொடக்கூடாது; ஆடிடும். கம்ப்யூட்டர்ல நேரம் வெச்சுட்டுக் கையை எடுத்துடணும். மேஜைக் கால் நாலுக்கும் ரப்பர் கொடுத்திருக்கேன், குனிஞ்சு பாருங்க!"

தொப்பிக்காரர் நிஜமாகவே குனிந்து பார்த்தார். திரைக்கு வெளியே மனைவி இருமினாள். மறுபடி இருமினாள். தொண்டை கிழியும்வரை இருமினாள். லென்ஸ்காரர் நிறுத்துகிற நிலையில் இல்லை.

புதுப் படம் கைக்கு வந்ததும் தொப்பிக்காரர் தொப்பியைக் கழற்றிக் கும்பிட்டார். "என் காசேதான் சார். சந்தேகம் சுத்தமாத் தீர்ந்தது. சங்கத்துல ஒரு வார்த்தை தப்பாச் சொல்ல மாட்டேன்."

அவர் போனதும் லென்ஸ்காரர் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார். "என்னமா இருமினே! பார்த்தியா, எப்படி வாயடைச்சு அனுப்பினேன்?"

அவள் பதில் சொல்வதற்குள் வாசலில் நிழல் தட்டியது. எதிர்க் கடையில் வேலை செய்யும் தச்சர், கையில் அளவு டேப்போடு நின்றார்.

"சார், எங்க தொப்பி முதலாளி ஏதோ கறுப்புத் துணி வாங்கக் கிளம்பிட்டார். நாளைக்குச் சங்கத்து ஆளுங்க கடையைப் பார்க்க வர்றாங்களாம், அதுக்குள்ள நாலு காலுக்கும் ரப்பர் வெச்சு ஒரு மேஜை ரெடியாகணுமாம். பக்கத்து விளக்கை எவ்வளவு உயரத்துல மாட்டணும்னு மட்டும் மறந்துட்டாராம். உங்களைக் கேட்டா கோபப்பட்டுக்கிட்டே சொல்லிடுவீங்கன்னார்."

லென்ஸ்காரர் திரும்பித் தன் கறுப்புத் திரையைப் பார்த்தார்.

"சொல்லிடுங்க" என்றாள் மனைவி, கல்லாவைப் பூட்டியபடி. "அது ஒண்ணை மட்டும் வெச்சுக்கிட்டு நாம என்ன பண்ணப் போறோம்?"