திமில் இல்லாத காளை

இந்தக் காலத்து ஆட்களுக்குக் கண்ணைத் தவிர மற்ற எல்லாம் வேலை செய்கிறது என்று மலையாண்டிக்குத் தோன்றியது. எதிரில் நிற்பதை நம்ப மாட்டார்கள். பெட்டி சொன்னால் நம்புவார்கள்.

"முதுகுக்கு மேல நாலு கட்டத்த அடைடா. திமில் இல்லாம காளைய எப்புடி முடிப்பே?"

மகன் பிரவீன்குமார் பல்லைக் கடித்துக்கொண்டான். சிங்கப்பூரில் பழைய சாமான் கடையில் வாங்கி வந்த வீடியோ கேம் பெட்டி அது. அவன் பிறந்த காலத்துச் சரக்கு. டிவியில் மாட்டினால் திரை முழுக்கக் கட்டம் வரும். ஒவ்வொரு வரிசையிலும் எத்தனை கட்டத்தைக் கறுப்பாக்க வேண்டும் என்று ஓரத்தில் எண் போட்டிருக்கும். கணக்குப் பிசகாமல் அடைத்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒரு படம் தெரியும். இன்றைக்குக் கொம்பும் வாலும் முதலிலேயே தெரிந்துவிட்டது. அதுதான் வினையாகப் போயிற்று.

அந்த இடத்தில் கட்டம் கிடையாது, கணக்கு இடிக்கும் என்று அவன் சொல்லிப் பார்த்தான். கிழவர் விடுகிற மாதிரி இல்லை. தொல்லை தீரட்டும் என்று முதுகுக்கு மேல் ஒன்றை அடைத்தான். பெட்டி கர்ரென்று கத்தியது. அடைத்ததை அழித்துவிட்டு, ஆட்டத்துக்கு மிச்சமிருந்த நேரத்திலும் கொஞ்சத்தைப் பிடுங்கிக்கொண்டது.

"பாத்தீங்களாப்பா? இது வெளிநாட்டு மாடு. இதுக்குத் திமிலு கெடையாது."

"வாடிவாசல்ல தாவுறவன் பின்ன எதைப் புடிப்பான், ஒன் தலையவா? எருமைன்னு பேரு வைக்கச் சொல்லு."

கோபத்தில் பாதிதான் பெட்டி மேல். மீதி, கொட்டகையில் நிற்கிற செவலைக் காளையை நினைத்து வந்தது. முழங்கால் போனதிலிருந்து அதைப் பிடித்து நடத்த மலையாண்டியால் ஆகவில்லை. மகனும் இந்த வாரம் விமானம் ஏறுகிறான். விற்பதைத் தவிர வழியில்லை.

ஆனால் ஜல்லிக்கட்டுக்கு வளர்க்கப்போகிறேன் என்று வாங்கிப் போய், கீரமங்கலம் தாண்டியதும் அடிமாட்டு லாரியில் ஏற்றிவிட்டவர்களை அவருக்குத் தெரியும். அதனால் கேட்டு வந்தவர்களிடமெல்லாம் ஏதாவது குற்றம் கண்டுபிடித்துத் திருப்பி அனுப்பினார். இன்றைக்கு வருகிறவரையும் விரட்டினால் நானே அவிழ்த்துக் கொடுத்துவிடுவேன் என்று மகன் காலையில் கறாராகச் சொல்லியிருந்தான்.

வாசலில் மினி வேன் வந்து நின்றது. திருமயம் பக்கத்துத் தமிழ்செல்வன் இறங்கினார். பனியனில் காளை பாய்ந்துகொண்டிருந்தது. கைபேசியைத் திறந்தால் அதிலும் காளைகள்தான். எந்த ஊரில் யாருடைய மாடு நின்று விளையாடியது என்று மூச்சு விடாமல் ஒப்பித்தார். பழைய கயிற்றை மாட்டோடு கொடுத்தனுப்பினால் வீட்டு லட்சுமியும் கூடவே போய்விடும் என்பார்கள். அதை அறிந்து புதுக்கயிறும் கொண்டுவந்திருந்தார்.

கொட்டகையில் செவலையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பல்லைப் பிடித்துப் பார்த்தார். பின்தொடையில் இரண்டு தட்டுத் தட்டித் திருப்தியாகத் தலையசைத்தார். பிள்ளை மாதிரி பார்த்துக்கொள்வேன் என்று சாமி மேல் சத்தியமும் செய்தார்.

மலையாண்டி துருவித் துருவிக் கேட்டும் ஒரு குற்றமும் அகப்படவில்லை. அகப்படாததே அவருக்குக் கடுப்பாக இருந்தது. டீ குடித்துவிட்டுக் கயிறு மாற்றிக்கொள்ளலாம் என்று பிரவீன் விருந்தாளியை உள்ளே கூட்டிவந்தான். இந்த முறை அப்பா ஆளை விரட்டாததில் அவன் முகம் தெளிந்திருந்தது. பாதியில் விட்ட ஆட்டத்தையும் கையோடு முடித்தான்.

திரையில் கறுப்புக் கட்டங்களாலான காளை ஒன்று கொழுகொழுவென்று நின்றது. முதுகு மட்டும் பலகை மாதிரி தட்டை.

மலையாண்டிக்கு மறுபடியும் பொத்துக்கொண்டு வந்தது. நல்ல வேளையாக மாடு தெரிந்த மனுசன் ஒருவர் பக்கத்திலேயே இருக்கிறார். இந்தப் பயலுக்கு அவர் வாயாலேயே உறைக்கட்டும்.

"தம்பி, நீங்களே சொல்லுங்க. இந்தக் காளையில என்ன கொற?"

தமிழ்செல்வன் டம்ளரோடு முன்னால் குனிந்து நிதானமாகப் பார்த்தார்.

"கொறையா? அசல் ஜல்லிக்கட்டுக் காளைங்கய்யா. பின்தொடையப் பாருங்க, எப்புடித் தெரண்டு நிக்கிது."

பிரவீன் வெற்றியோடு சிரித்தான். மலையாண்டி சிரிக்கவில்லை. மேசையில் கிடந்த புதுக்கயிற்றை எடுத்து, வந்தவருடைய மடியிலேயே வைத்தார். மாடு கொடுக்கிற யோசனை இல்லை, டீயைக் குடித்துவிட்டுக் கிளம்பலாம் என்றார்.

தமிழ்செல்வன் கெஞ்சிப் பார்த்தார், பிறகு முறைத்துப் பார்த்தார், கடைசியில் வெறும் வேனை எடுத்துக்கொண்டு போனார்.

பிரவீனுக்குக் கண் சிவந்துவிட்டது. ஒரு பொம்மை மாட்டுக்காக இப்படியா வந்தவரை அவமானப்படுத்துவது, இனி செவலைக்கு யார் தண்ணி காட்டுவது என்று கத்தினான். நொண்டிக்கொண்டாவது தானே காட்டிக்கொள்வதாகச் சொல்லி, மலையாண்டி சுவரைப் பிடித்து எழுந்தார்.

போகிற போக்கில் திரையை இன்னொரு தடவை பார்த்தார். எத்தனை எண் போட்டிருந்தாலும் அதை மாடென்று ஒத்துக்கொள்ள அவருக்கு மனம் வரவில்லை. கொட்டகைப் பக்கம் நடந்துகொண்டே, திரும்பாமல் சொன்னார்.

"காளை வளக்குறவன் கண்ணு மொதல்ல திமிலத் தேடும்டா. தொடையத் தேடுறது கறிக்கடைக்காரன் கண்ணு."