மன்னரின் மைக்

"அந்த ஆளு இருக்கிறவரைக்கும் நான் மேடை ஏற மாட்டேன்!"

மன்னர் கிரீடத்தைக் கழற்றி மேலாளரின் மேஜையில் டொக்கென்று வைத்தார். அரசு நாடக அரங்கின் தேசபக்தி ராக் நாடகத்தில் மன்னராகப் பாடுகிறவர். அதனால் எல்லாருக்குமே அவர் மன்னர்தான்.

"என்னண்ணே ஆச்சு?"

"நேத்து கத்திச் சண்டையில மைக் வயர் அறுந்து கையோட வந்துடுச்சு. ஆனா ஸ்பீக்கர்ல என் பாட்டு கணீர்னு ஓடுது! நாடகம் தொடங்கின முதல் நாள்ல பதிவு பண்ணினதைப் போட்டு ஓட்டறான் அந்த ஒலிக்காரன். டிரம்ஸ் சத்தத்துல இத்தனை நாளா எனக்கே தெரியல. நாட்டுக்காக உயிரைக் கொடுக்கிற மன்னன் வெறும் வாயசைக்கிறதா? முப்பது வருஷப் பாட்டு, மானம் போச்சு!"

ஒலிக்காரர் வந்து தலைகுனிந்து நின்றார்.

"ஏன்யா இப்படிச் செஞ்சே?"

ஒலிக்காரர் மன்னரை ஒரு தடவை பார்த்தார்.

"சோம்பேறித்தனம்தான் சார். பொத்தானைத் தட்டிட்டு சும்மா உட்காரலாம் பாருங்க."

அவ்வளவுதான், வேலை போச்சு. பக்கத்தில் நின்ற ராணி வேடக்காரி என்னவோ சொல்ல வாயெடுத்தாள். ஒலிக்காரர் கண்ணாலேயே அடக்கினார்.

வாசல்வரை போனவர் திரும்பினார். "அண்ணே, வெந்நீர் குடிச்சிட்டு ஏறுங்க. அந்த உச்ச வரியைக் கொஞ்சம் இறக்கியே பாடுங்க."

"கொழுப்பைப் பாரு!" என்றார் மன்னர்.

சாயங்காலம் அரங்கம் நிறைந்திருந்தது. கிட்டார் அலற, மன்னர் வாளை உயர்த்திப் பாடினார். ஸ்பீக்கரில் யாரோ கரகரத்தார்கள்.

புது மைக் சரியில்லை போல. தட்டிப் பார்த்தார். மைக் நன்றாகத்தான் இருந்தது.

'எழுந்து வா என் நாடே' என்ற உச்ச வரியில் வெறும் காற்றுதான் வந்தது. முன்வரிசையில் சிரித்தார்கள். அவருக்குச் செத்துவிடலாம் போலிருந்தது.

திரை விழுந்ததும் மேலாளர் வந்தார். "நாளையிலேர்ந்து வேற ஆள் பாடட்டும்ணே. குரல் போனா வேலையில வெச்சுக்க முடியாது. சட்டம் அப்படி."

"பென்ஷனுக்கு இன்னும் எட்டே மாசம்தானேய்யா..."

மேலாளர் போய்விட்டார். மன்னர் அட்டைச் சிம்மாசனத்தில் அப்படியே உட்கார்ந்தார்.

ராணி வேடக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தாள்.

"மூணு மாசம் முன்னாடியே உங்க குரல் போயிடுச்சுண்ணே. பென்ஷன் வர்ற வரைக்கும் அந்தப் பழைய பாட்டை வெச்சே ஓட்டிடலாம், உங்களுக்குத் தெரிஞ்சா மனசு விட்டுடுவீங்க, சொல்லவே கூடாதுன்னு எங்க எல்லார்கிட்டயும் சத்தியம் வாங்கினதே அந்தச் சோம்பேறிதான்."