மூன்றாம் நாள் விருந்தாளி

மூன்றாம் நாள் காலையிலும் விருந்தாளி போகவில்லை.

சமையலறை அடுப்பை ஒட்டிய கட்டிலில், வீட்டுக்காரி டெசாங்காவின் கம்பளியை மூக்குவரை இழுத்துக்கொண்டு, மகாராஜா மாதிரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அந்த வீட்டில் சூடு இருந்த இடம் அது ஒன்றுதான்.

டெசாங்காவும் அவள் கணவன் மிலுட்டினும் பெரிய அறையில் கோட்டும் தொப்பியுமாகப் படுத்து எழுந்தார்கள். அங்கே ஓடு பதித்த பெரிய கணப்பு இருக்கிறது, பெயருக்கு. அக்டோபரில் விரிசல் விட்டது. பற்ற வைத்தால் புகை வெளியே போகாமல் வீட்டுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். பழுது பார்க்கிற மேஸ்திரிக்குக் கடைக்காரர் மூலம் சொல்லியனுப்பினார்கள். 'நாளைக்கு' என்று பதில் வந்தது. அந்த நாளை மட்டும் வரவேயில்லை.

வெளியே பெய்த மழையெல்லாம் விழுந்த இடத்திலேயே உறைந்து கிடந்தது. பிளம் மரம் பாரம் தாங்காமல் இரண்டாகப் பிளந்துவிட்டது. கரண்ட் கம்பி அறுந்து தொங்கியது. மழை தொடங்கியபோது தாழ்வாரத்தில் இருந்ததோ பதினோரு விறகு. மீதி கொட்டகைக்குள். கொட்டகைக் கதவு பனிக்கட்டியில் ஒட்டிக்கொண்டுவிட்டது. அதை உடைக்கலாம் என்றால் கோடாரியும் உள்ளே.

மழை தொடங்கிய அன்றுதான் அவர்கள் குடும்பப் புனிதரான அத்தனாசியேவின் நாள். மெழுகுவத்தி ஏற்றி, புளித்த கோஸ் இலையில் கறி சுற்றி நாற்பது பேருக்கு வேகவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஈ காக்கை வரவில்லை. புனிதர் நாளில் விருந்தாளி கால் படாத வீடு உருப்படுமா? டெசாங்கா அழாத குறை.

அப்போதுதான் இவன் வந்தான். மீசையில் பனிக்கட்டி தொங்க, மடியில் கனமான பையோடு, முற்றத்தில் பாதி தூரம் உட்கார்ந்தபடியே சறுக்கி வந்து சேர்ந்தான்.

பெயர் கோஸ்தா என்றான். மேலே ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். திறந்த வாயில் டெசாங்கா ஒரு கரண்டி இனிப்புக் கோதுமையை ஊட்டினாள். மிலுட்டின் மூன்று முறை கன்னத்தில் முத்தமிட்டு பிளம் சாராயத்தை நீட்டினான். பை கனக்கிற கனத்துக்கு நாலு புட்டியாவது இருக்கும் என்று டெசாங்கா அதை மரியாதையாக நடையில் வைத்தாள்.

யார், எவர் என்று கேட்கவில்லை. புனிதர் நாளில் வந்தவனைப் பார்த்து யார் நீ என்று கேட்பதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம்.

ஆனால் மறுநாளே டெசாங்காவுக்குச் சந்தேகம் தட்டியது. இவன் சுவரைத் தட்டிப் பார்க்கிறான். கூரையை அண்ணாந்து பார்க்கிறான். கணப்பைத் தடவி 'ச்சு' கொட்டுகிறான். மிலுட்டினின் தாய்வழி ஆட்கள் வீட்டில் பங்கு கேட்கப்போவதாக ஒரு பேச்சு இருந்தது. சரிதான், வீட்டுக்கு மதிப்புப் போட மாமன் மகன் ஒருத்தனை அனுப்பியிருக்கிறார்கள்!

இரண்டு தடவை அவனாகவே எழுந்து பையை எடுத்தான். இரண்டு தடவையும் மிலுட்டின் தோளைப் பிடித்து அமுக்கி, "இந்த வழுக்கல்ல எங்க போறீங்க? விடவே மாட்டோம்!" என்று உட்கார வைத்தான். போய்த் தொலையேன் மகராசா என்று மனசு கெஞ்சியது. என்ன செய்வது, வந்தவனை ஒரு வார்த்தைக்காவது தடுக்காவிட்டால் அது வீடா?

இன்று காலை விறகு மூன்றாகிவிட்டது. டெசாங்கா கணவனைச் சாமான் அறைக்குள் இழுத்தாள்.

"விருந்தும் மருந்தும் மூணு நாள்தான்யா. உன் மாமன் மகன் எப்பக் கிளம்புறான்?"

மிலுட்டின் விழித்தான். "என் மாமன் மகனா? உன் தம்பியோட சம்பந்தின்னுல்ல நான் நல்ல சாராயமா பார்த்து ஊத்திக்கிட்டிருக்கேன்!"

"தம்பி பையனுக்கு வயசு பத்து. அதுக்குள்ள சம்பந்தியா?"

மிலுட்டின் கதவிடுக்கு வழியாகக் கட்டிலை எட்டிப் பார்த்தான்.

"அப்ப இவன் யாருடி?"

நீ கேள், நீ கேள் என்று கொஞ்ச நேரம் தள்ளிக்கொண்டார்கள். கடைசியில் டெசாங்காவின் முழங்கால் குளிரில் விண்ணென்று தெறித்தது. அவளே போனாள்.

கோஸ்தா எழுந்து கட்டிலில் உட்கார்ந்து மீசையைத் தடவிக்கொண்டிருந்தான்.

"ஏன் தம்பி, வீட்ல உங்களைத் தேடமாட்டாங்களா?"

"தேடுவாங்கதான் அக்கா. ஆனா வந்த வேலை முடியலையே."

வீட்டில் பங்கு கேட்கத்தான்! டெசாங்கா நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தாள். "என்ன வேலை?"

"அப்பாடா, கேட்டீங்களே!" அவன் முகம் மலர்ந்தது. "சாமி விளக்கு எரியிற வீட்ல வேலைப் பேச்சு எடுக்கப்படாதுன்னு மொத நாள் கம்முனு இருந்தேன். அப்புறம் ரெண்டு வாட்டி பையை எடுத்தேன், அண்ணன் அமுக்கிட்டாரு. இவ்வளவு மரியாதை பண்றவங்க பேச்சை எப்படித் தட்டுறது, நீங்களும் பெரியவங்க..."

நடையிலிருந்து பையை இழுத்து வந்து திறந்தான். புட்டி ஒன்றுகூட இல்லை. சாந்து பூசுகிற ஒரு கரணை, ஒரு சுத்தியல், ஒரு உளி, ஈரத்துணியில் சுற்றிய களிமண், இரண்டு செங்கல்.

"அக்டோபர்ல சொல்லிவிட்டீங்களே, அந்தக் கணப்பு. உள்ள ஒரு கல்லு சரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். அரை மணி நேர வேலை."

மிலுட்டின் சுத்தியலையும் உளியையும் பார்த்தான். பிறகு ஜன்னல் வழியாகக் கொட்டகைக் கதவைப் பார்த்தான். தலையிலிருந்த இரண்டு தொப்பிகளில் ஒன்றைக் கழற்றினான்.

கோஸ்தா கரணையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தான்.

டெசாங்காவின் வாய், ஐம்பத்தெட்டு வருடப் பழக்கத்தில், தானாகவே திறந்துகொண்டது.

"அட, அதுக்கென்ன அவசரம் தம்பி? முதல்ல உட்கார்ந்து சாப்பிடுங்க!"

கோஸ்தா பெரியவர்கள் பேச்சைத் தட்டாதவன். கரணையைப் பைக்குள் போட்டுவிட்டு உட்கார்ந்தான்.