எட்டாவது கல்

கல்லுக்காரர் பேனாவை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக்கொண்டு எண்ண ஆரம்பித்தார்.

ஒவ்வொரு கல்லாக, விரலை வைத்து.

நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நான் பேனா கடைகிறவன். மரத்தில் யார் வேண்டுமானாலும் கடைந்துவிடலாம் என்பது என் திமிர். சோளக்கட்டை, மான் உதிர்த்த கொம்பு, பீச் பழக் கொட்டை, காப்பிக்கொட்டை எல்லாம் என் லேத்தில் ஏறிப் பேனாவாக இறங்கியிருக்கின்றன. பொடிசாக இருப்பவற்றை ரெசின் என்கிற பிசினில் அமிழ்த்தி, இறுகவிட்டு, பிறகு கடைய வேண்டும். ஆனால் மனிதர் வயிற்றிலிருந்து எடுத்த சிறுநீரகக் கற்கள் என்னிடம் வந்தது இதுதான் முதல் தடவை.

கொண்டுவந்தவர் கல்லுக்காரரின் மனைவி. போன மாதம் ஒருநாள், பஞ்சு அடைத்த சின்ன பாட்டிலை இரண்டு விரல் நுனியில் பிடித்து, முகத்தைத் திருப்பிக்கொண்டே நீட்டினார். ஆபரேஷன் முடிந்து வந்த நாளிலிருந்து அது வரவேற்பறை மேஜையில், பிஸ்கட் தட்டுக்குப் பக்கத்தில் குடியிருக்கிறதாம். வீட்டுக்கு வருகிற ஆள் உட்காருவதற்குள் கணவர் பாட்டிலை ஆட்டிக் காட்டிவிடுவாராம். எட்டுக் கல், எட்டுக் கல் என்று கேட்டுக் கேட்டு அந்த அம்மாவுக்குக் காது புளித்துவிட்டது.

"பேனாவுல போட்டுட்டா சட்டைப் பையில வச்சுக்குவாரு, என் மேஜை எனக்குக் கிடைக்கும். ஆனா எட்டும் வெளியே தெரியணும்ங்க. ஒண்ணு குறைஞ்சாலும் வீடு ரெண்டு பட்டுடும்."

தலையை ஆட்டி வாங்கி வைத்தேன். எண்ணி வாங்கவில்லை. என்னிடம் வருவது கொட்டையும் கொம்பும். அதையெல்லாம் யார் எண்ணி வாங்குவார்கள்?

மறுநாள் கழுவிக் காயவைக்க ஒரு சாசரில் கொட்டினேன். துளி ஈரம் இருந்தாலும் ரெசினில் குமிழி விட்டுவிடும். அப்போதுதான் எண்ணினேன்.

ஏழு.

பாட்டிலை உதறினேன். பஞ்சைப் பிய்த்துப் பார்த்தேன். மேஜைக்கு அடியில் குழந்தை மாதிரி தவழ்ந்தேன். மூன்று நாள் கடைசல் தூளை என் மனைவியின் மாவுச் சல்லடையில் சலித்தேன். அதற்கு அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டது தனிக் கதை. ஒரு சட்டைப் பொத்தானும், இரண்டு காப்பிக்கொட்டையும், எப்போதோ தொலைத்த நிப்பும் கிடைத்தன.

கல் மட்டும் இல்லை.

கடைச் சுவரில் நானே எழுதி மாட்டிய பலகை ஒன்று உண்டு. ‘நீங்கள் கொடுத்தது மட்டுமே உள்ளே இருக்கும்.’ இருபது வருஷமாக அந்த வார்த்தைக்கு ஒரு பங்கமும் வந்ததில்லை. சோளக்கட்டையை மான்கொம்பு மாதிரி ஆக்கித் தரச் சொன்ன ஒருவரிடம், முகத்தில் அடித்தாற்போல் முடியாது என்று சொன்னவன் நான்.

அப்பேர்ப்பட்ட நான்தான் அன்று சாயந்திரம் பூந்தொட்டியிலிருந்து ஒரு கல்லைப் பொறுக்கினேன்.

டீயில் ஊறப்போட்டுப் பழுப்பேற்றினேன். மற்றவற்றோடு சேர்த்து ரெசினில் இறக்கினேன். கடையும்போது ஏழும் உளிக்கு ஒழுங்காக வழிவிட்டன. உள்ளே மெல்லிய வளையம் வளையமாக, பார்க்க லட்சணமாகவே இருந்தன. தொட்டிக் கல் மட்டும் உளியின் முனையைத் தின்றுவிட்டது. உப்புத்தாளால் தேய்த்துத் தேய்த்துத்தான் அதை வழிக்குக் கொண்டுவந்தேன். எவ்வளவு தேய்த்தும் அதில் வளையம் வரவில்லை.

அந்தக் கல்லின் மேல்தான் இப்போது கல்லுக்காரரின் விரல் வந்து நின்றது.

அவர் முகம் வெளுத்துவிட்டது. முதலிலிருந்து மறுபடி எண்ணினார். இந்தத் தடவை உதடு அசைந்தது.

அவர் மனைவி கண்ணாடி அலமாரிப் பக்கம் நின்று காப்பிக்கொட்டைப் பேனாவை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, கல்லுக்காரர் என் முழங்கையைப் பிடித்து லேத் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். லேத்தை ஓடவிடச் சொன்னார். வெறும் லேத்தையா என்று கேட்டேன். சத்தம்தான் வேண்டும் என்றார்.

ஓடவிட்டேன். கையும் களவுமாக மாட்டிக்கொண்டவன் வேறென்ன செய்வான்? அவர் வாயைத் திறப்பதற்குள் நானே எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். உங்கள் கல் ஒன்றைத் தொலைத்துவிட்டேன், அந்த எட்டாவது என் பூந்தொட்டிக் கல், பேனாவைக் கொடுங்கள், உடைத்துப் போட்டுவிடுகிறேன் என்றேன். தொழிலில் இப்படித் தலைகுனிந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. அழுகை வராத குறை.

கல்லுக்காரர் நெஞ்சில் கைவைத்து நீளமாக மூச்சு விட்டார்.

நான் ஒன்றையும் தொலைக்கவில்லையாம். டாக்டர் எடுத்ததே ஏழுதானாம். பாட்டிலை ஆட்டிக் காட்டுவாரே தவிர, எண்ணிப் பார்க்க யார் கையிலும் கொடுத்ததில்லையாம். பேனாவில் எட்டைப் பார்த்ததும் ஒரு நிமிஷம் அவருக்கு டாக்டர் மேலேயே சந்தேகம் வந்துவிட்டதாம்.

பேனாவைச் சட்டைப் பையில் செருகினார். பிறகு யோசித்து வெளியே எடுத்து, தொட்டிக் கல் எல்லோர் கண்ணிலும் படும்படி திருப்பிச் செருகிக்கொண்டார். இருக்கிறதிலேயே அதுதான் எடுப்பாக இருக்கிறது என்றும் சொன்னார்.

போயும் போயும் ஒரு கல்லில் என்ன இருக்கிறது, ஏழு என்றே சொல்லியிருக்கலாமே என்றேன்.

அவர் மறுபடி மனைவி பக்கம் பார்த்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"மயக்கம் தெளிஞ்சு கண்ணைத் திறக்கிறேன், கட்டில் பக்கத்துல இவளோட அண்ணன் நிக்கிறாரு. போன வருஷம் அவருக்கு எடுத்தது ஏழு."